ஒரு விசிலுக்கு என்ன விலை? வாலிபால் நடுவர்களைப் பற்றிக் கொஞ்சம் வரலாறு



போன வாரம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் தம்பி மகன் ஒரு வரி போட்டிருந்தான். "வாலிபால் ஆடத் தெரியாதவன்தான் அத்தை அம்பயர் ஆவான்." அதற்கு எத்தனை பேர் சிரிப்புப் பொம்மை போட்டீர்கள் என்று எண்ணி வைத்திருக்கிறேன். அதே வாரம் புளியந்தோப்பில் என்னிடம் படித்த ஒருத்தி, இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், போன் செய்து, "டீச்சர், நடுவர் தேர்வுக்குப் போகலாம்னு இருக்கேன். எனக்கு வருமா?" என்று கேட்டாள். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பதிலாக இதை எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். அடுப்பை அணைத்துவிட்டு உட்காருங்கள்.

வாலிபாலின் கதையை எல்லாரும் ஆடுகிறவன் பக்கத்திலிருந்தே சொல்கிறார்கள். ஸ்டூல் மேல் நிற்கிற அம்பயர் பக்கத்திலிருந்து பார்த்தால் அது வேறு கதை. இந்த 130 வருடத்தில் விதி மாறிய பல தடவை அம்பயரின் வேலை மாறியிருக்கிறது. ஒரு விசிலுக்கு இருக்கிற விலை ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. ஆனால் நம் தெருக்களில் அந்த விசிலை இன்னும் டீமில் இடம் கிடைக்காதவன் கையில்தான் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

முதலில் இந்த ஆட்டம் நம் ஊருக்கு வந்த வழி.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஹோலியோக் என்று ஓர் ஊர். காகித ஆலைகளும் துணி ஆலைகளும் நிறைந்த ஊர். ஆலைகளுக்குத் தண்ணீர் கொண்டுபோகக் கால்வாய்கள் வெட்டியிருந்தார்கள். ஆலைச் சங்கும் கால்வாயும் பார்த்து வளர்ந்த நம் பேட்டைக்காரர்களுக்கு அந்த ஊர் அந்நியமாகத் தெரியாது. அங்கே ஒய்.எம்.சி.ஏ.வில் உடற்பயிற்சி சொல்லிக் கொடுத்த வில்லியம் மார்கன் 1895-இல் இந்த ஆட்டத்தை உண்டாக்கினார். கூடைப்பந்து வந்து நாலு வருடம் ஆகியிருந்தது. நடுத்தர வயதுக்காரர்களுக்கு அந்த ஓட்டமும் முட்டல் மோதலும் தாங்கவில்லை. அவர்களுக்காகத்தான் நடுவில் வலையைக் கட்டி ஆளையும் ஆளையும் பிரித்து வைத்தார். வலையின் உயரம் ஆறடி ஆறங்குலம். ஒரு பக்கம் எத்தனை பேர் வேண்டுமானாலும் நிற்கலாம், எத்தனை தடவை வேண்டுமானாலும் தட்டலாம். அவர் வைத்த பெயர் மின்டோனெட். 1896-இல் பக்கத்து ஊரான ஸ்பிரிங்ஃபீல்டில் ஆடிக் காட்டியபோது, அதைப் பார்த்த ஆல்ஃபிரெட் ஹால்ஸ்டெட் என்பவர் 'வாலிபால்' என்று பெயர் சொன்னார். அதுவே நிலைத்துவிட்டது.

அந்த முதல் ஆட்டத்தில் அம்பயருக்கு என்ன வேலை இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மூன்று டச் என்கிற கணக்கு கிடையாது. ஆள் கணக்கும் கிடையாது. பந்து தரையில் விழுந்ததா இல்லையா, வலையில் மாட்டியதா, இவ்வளவுதான் பார்க்க வேண்டும்.

ஸ்பிரிங்ஃபீல்டில் ஒய்.எம்.சி.ஏ. நடத்திய பயிற்சிக் கல்லூரியில் படித்த ஹாரி குரோ பக் என்பவர் 1919-இல் மெட்ராஸுக்கு வந்தார். அடுத்த வருடம், 1920-இல், உடற்கல்வி ஆசிரியர்களை உருவாக்க இங்கே ஒரு பள்ளி தொடங்கினார். அதுதான் இன்று நந்தனத்தில் இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரி. 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணிக்கு மேலாளராகப் போனவரும் இவரே. 1943-இல் இறந்தார். மைதானங்களையும் போட்டிகளையும் பற்றிச் சொல்லி எல்லாரும் அவரைப் பாராட்டுவார்கள். எனக்கு அவருடைய இன்னொரு வேலைதான் பெரிதாகப் படுகிறது. விளையாட்டுகளின் விதிகளைத் தொகுத்துப் புத்தகமாகக் கொண்டுவந்தார். அதற்கு முன்பு விதி என்பது ஆடத் தெரிந்தவன் வாயில் இருந்தது. அவன் சொன்னதுதான் சட்டம். விதி அச்சில் வந்துவிட்டால், ஆடாதவர்களும் அதைப் படிக்கலாம், படித்துவிட்டுக் கேள்வி கேட்கலாம். ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் மட்டும் படித்த என்னைப் போன்ற ஒருத்தி விசிலைக் கையில் எடுக்க முடிந்தது அப்படித்தான்.

இதற்கிடையே உலகத்தில் ஆட்டம் மாறிக்கொண்டே இருந்தது. பிலிப்பைன்ஸில் 1916 வாக்கில் ஒருவர் பந்தைத் தூக்கிக் கொடுக்க இன்னொருவர் எகிறி அடிக்கிற வழக்கம் வந்தது. நாம் ஸ்மாஷ் என்கிறோமே, அது. ஒரு பக்கத்துக்கு மூன்று டச்தான் என்ற விதி 1920-இல் வந்தது. கிழக்காசிய நாடுகளில் ஒரு பக்கம் ஒன்பது பேர் நின்று ஆடும் முறை வெகுகாலம் இருந்தது. 1958 டோக்கியோ ஆசிய விளையாட்டில் ஆறு பேர் ஆட்டம், ஒன்பது பேர் ஆட்டம் இரண்டுக்கும் தனித்தனியாகப் போட்டி வைத்தார்கள். அதில் ஆறு பேர் ஆட்டத்தில் நமக்கு வெண்கலம். 1962 ஜகார்த்தாவில் வெள்ளி. 1986 சியோலில் மறுபடி வெண்கலம். 1961-இல் அர்ஜுனா விருதைத் தொடங்கிய வருடமே வாலிபாலுக்காக அதைப் பெற்றவர் ஏ. பழனிசாமி. இதையெல்லாம் வகுப்பில் பொது அறிவு என்று ஒப்பிக்க வைத்திருக்கிறேன். எத்தனை பேருக்கு நினைவிருக்கிறதோ.

உலகக் கூட்டமைப்பான எஃப்.ஐ.வி.பி. 1947-இல் பாரிஸில் உருவானது. இந்திய வாலிபால் சம்மேளனம் 1951-இல் வந்தது. அதன் முதல் தேசியப் போட்டி 1952-இல் நடந்த இடம் நம் மெட்ராஸ்.

இப்போது 1964 டோக்கியோ ஒலிம்பிக்குக்குப் போவோம். வாலிபால் முதன்முதலாக ஒலிம்பிக்கில் சேர்ந்த வருடம். பெண்கள் பிரிவின் கடைசி ஆட்டத்தில் ஜப்பானும் சோவியத் யூனியனும். ஜப்பான் அணியில் பெரும்பாலானவர்கள் நிச்சிபோ என்ற நூற்பாலையின் கைசூகா ஊர் ஆலைப் பெண்கள். பகலில் ஆலையில் வேலை, வேலை முடிந்தபின் ராத்திரி வரை பயிற்சி. பயிற்சியாளர் டைமாட்சு பிழிந்து எடுப்பார். பி அண்ட் சி மில்லின் சங்குச் சத்தத்துக்கு எழுந்து ஓடிய தாத்தா பாட்டி நம்மில் பலருக்கு உண்டு. ஒரு மில்லுக்காரிகளின் டீம் உலகத்தை ஜெயித்த கதையை நம் பேட்டையில் நான் எத்தனை தடவை சொன்னாலும் பிள்ளைகள் வாய் திறந்து கேட்பார்கள்.

முதல் இரண்டு செட் ஜப்பானுக்கு. மூன்றாவது செட்டில் 14 புள்ளி வந்துவிட்டது. இன்னும் ஒன்று வேண்டும். அந்த ஒன்று வர மறுக்கிறது. சோவியத் பெண்கள் ஒவ்வொன்றாக எடுத்து 13 வரை வந்துவிட்டார்கள். ஜப்பானில் டிவி இருந்த வீடுகளில் மூன்றில் இரண்டு பங்கு இந்த ஆட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தன. கடைசிப் புள்ளி எப்படி வந்தது தெரியுமா? யாரும் எகிறி அடித்துத் தரையில் இறக்கவில்லை. சோவியத் வீராங்கனையின் கை வலையைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விட்டது என்று அம்பயர் விசில் ஊதினார். ஓவர் நெட். 15-13. தங்கம்.

ஒலிம்பிக்கில் பெண்கள் வாலிபாலுக்குக் கொடுத்த முதல் தங்கம் ஒரு விசிலில் முடிந்தது. வலைக்கு மேலே ஒரு கை எந்தப் பக்கம் இருந்தது என்பதை ஓர் ஆள் கண்ணால் பார்த்துச் சொன்னார். அன்றைக்கு வீடியோ போட்டுப் பார்த்துச் சரிபார்க்கிற ஏற்பாடு ஒன்றும் கிடையாது. தம்பி மகனே, அந்த இடத்தில் நின்றவர் ஆடத் தெரியாததால் நின்றவரா?

அதற்குப் பிறகு வந்த விதிகளில் பல, மனிதக் கண்ணால் எதைப் பார்க்க முடியும், எதைப் பார்க்க முடியாது என்று ஒத்துக்கொண்டு எழுதியவை. வலையின் இரண்டு ஓரத்திலும் சிவப்பு வெள்ளைக் குச்சி நிற்கிறதே, அந்த ஆன்டெனா 1968 வாக்கில்தான் வந்தது. அதற்கு முன்பு பந்து எல்லைக்கு உள்ளே கடந்ததா, வெளியே கடந்ததா என்பதை வெறும் ஆகாயத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். குச்சி வைத்த பிறகு கண்ணுக்கு ஒரு பிடி கிடைத்தது. முதலில் இரண்டு குச்சிக்கும் நடுவே 9.40 மீட்டர் இடைவெளி. 1976-இல் அதை 9 மீட்டராக்கி, பக்கக் கோட்டுக்கு நேர் மேலே கொண்டுவந்து வைத்தார்கள். அதே வருடம், பிளாக் செய்த கையில் பட்டதை மூன்று டச் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்றார்கள். ஆட்டம் நீண்டது. ஆனால் அம்பயருக்குத் தலைவலி கூடியது. பந்து பிளாக்கில் பட்டதா, படாமல் வெளியே போனதா என்பது ஒரு விரல் நுனி விஷயம்.

1990-களின் நடுவில் இன்னொரு பெரிய மாற்றம். எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் முதல் பந்தை எடுக்கும்போது, ஒரே முயற்சியில் கையில் இரண்டு இடத்தில் பட்டாலும் டபுள் டச் இல்லை என்று தளர்த்தினார்கள். இடுப்புக்குக் கீழே பட்டால் தப்பு என்பதும் போய், காலால் எடுத்தாலும் சரி என்று ஆனது. கிழவர்கள் முணுமுணுத்தார்கள், ஆட்டத்தின் அழகு போச்சு என்று. எனக்கு அது நல்ல மாற்றம் என்றுதான் தோன்றியது. வேகமாக வரும் ஸ்மாஷை எடுக்கும்போது இரண்டு கையிலும் ஒரே நேரத்தில் பட்டதா, ஒரு இம்மி முன்பின்னாகப் பட்டதா என்பதை எந்த அம்பயரும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஒருவர் ஊதுவார், இன்னொருவர் விடுவார். யார் பார்த்தாலும் ஒரே மாதிரி சொல்ல முடியாத ஒன்றை வைத்துத் தண்டிக்கக் கூடாது.

எல்லாவற்றையும் விடப் பெரிய மாற்றம் புள்ளிக் கணக்கு. என் வயதுக்காரர்களுக்குத் தெரியும். அப்போதெல்லாம் செட்டுக்கு 15 புள்ளி. செர்வீஸ் போடுகிற பக்கம் ஜெயித்தால்தான் புள்ளி. அவர்கள் தோற்றால் செர்வீஸ் மட்டும் கை மாறும். பத்து நிமிடம் ஆடியும் 7-7 அப்படியே இருக்கும். ஸ்கோர் மேசையில் உட்கார்ந்திருந்தவளுக்கு இது நன்றாகத் தெரியும். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதற்காகக் குறுவட்டப் போட்டிகளில் முதலில் என்னை அங்கேதான் உட்கார வைத்தார்கள். எங்கள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் இடம் வருடக்கணக்காகக் காலி. பெண் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக ஒரு டீச்சர் வேண்டும், அந்த டீச்சர் நான்.

1988-இல் ஐந்தாவது செட்டுக்கு மட்டும், யார் செர்வீஸ் போட்டாலும் ஜெயித்தவருக்குப் புள்ளி என்று கொண்டுவந்தார்கள். 1998-இல் எல்லாச் செட்டுக்கும் அதுவே, ஐந்தாவதைத் தவிர மற்ற செட்டுகளுக்கு 25 புள்ளி என்று முடிவானது. லிபரோ என்று தனி நிறச் சட்டை போட்டுப் பின்வரிசையில் ஆடுபவரும் அந்தச் சமயத்தில் வந்தவர்தான். ஆட்டத்தை டிவிக்கு ஏற்றபடி சுருக்கவே இந்த மாற்றம் என்றார்கள். அது உண்மையாகவே இருக்கட்டும். அம்பயருக்கு என்ன ஆனது என்று பாருங்கள்.

பழைய முறையில், செர்வீஸ் போட்ட அணிக்கு எதிராக ஒரு தப்பான விசில் ஊதினால் செர்வீஸ்தான் போகும். புள்ளி அங்கேயே நிற்கும். ஆடி மீட்டுவிடலாம். புதிய முறையில் அந்த வசதி கிடையாது. 25-23 என்று ஒரு செட் முடிந்தால் 48 தடவை ஆட்டத்தை நிறுத்தி விசில் ஊதியிருக்கிறார், அந்த 48-ம் யாருக்காவது ஒரு புள்ளி. நாலு செட் அப்படிப் போய், ஐந்தாவது 15-13 ஆனால், கூட்டிப் பாருங்கள், 220. அத்தனையும் சுலபமாகச் சொல்லக்கூடியவை இல்லை. பத்துப் பதினைந்தாவது விரல் நுனி விஷயமாக இருக்கும். செட்டின் வித்தியாசமோ இரண்டு புள்ளி.

2019-இல் நடந்த புரோ வாலிபால் லீக்கில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். செட்டுக்கு 15 புள்ளிதான். அதிலும் 'சூப்பர் பாயின்ட்' என்று அணி கேட்டால் அந்த ஒரு ஆட்டத்துக்கு இரண்டு புள்ளி. இறுதி ஆட்டம் நம் நேரு உள்விளையாட்டு அரங்கத்தில்தான் நடந்தது. சென்னை ஸ்பார்ட்டன்ஸ் கோழிக்கோட்டு அணியை மூன்று செட்டில் ஜெயித்தது. எல்லாரும் கைதட்டியபோது எனக்கு அந்த உயரமான ஸ்டாண்டு மேல் நின்றவர் மீதுதான் கண். ஒரு விசிலுக்கு இரண்டு புள்ளி!

இனி என்னைக் கேட்டவளுக்கு. உனக்கு வரும். பழகினால் வராத வேலை இது இல்லை. ஆனால் நேர்மையாக இருந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டு போகாதே. நேர்மையானவர்கள் ஊதிய விசிலாலும் மைதானத்தில் சண்டை வந்ததைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் பார்க்க வேண்டிய நேரத்தில் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

முதல் நடுவர் நிற்கிற இடத்தில் அவர் கண் வலையின் மேல் விளிம்புக்குச் சுமார் 50 சென்டிமீட்டர் மேலே இருக்க வேண்டும். ஆண்களுக்கு வலை உயரம் 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24. ஆகவே பெஞ்சு மேல் ஸ்டூல் போட்டாலும் கணக்குப் போட்டுப் போடு. கீழே நின்றபடி ஓவர் நெட் சொல்கிறவர் ஊகத்தில் சொல்கிறார்.

பந்தின் பின்னாலேயே கண் போகக் கூடாது. இதுதான் புதிதாக வருகிறவர்களுக்கு ரொம்பக் கஷ்டம். பார்வையாளர்கள் பந்தைப் பார்க்கத்தான் டிக்கெட் வாங்குகிறார்கள், நமக்கு அந்தச் சுகம் கிடையாது. செட்டர் பந்தைத் தூக்கிவிட்டாரா, இனி அந்தப் பந்து எங்கே வரும் என்று தெரியும். அதை விட்டுவிட்டு அடிக்கப் போகிறவரையும் வலையையும் பார்க்க வேண்டும். பின்வரிசை ஆள் அடித்தால், கால் எங்கிருந்து எகிறியது? அடித்த கை எந்தப் பக்கம் இருந்தது? பிளாக் செய்தவர் விரலில் பட்டதா? மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து 9 மீட்டரை மூன்றில் ஒரு விநாடியில் கடக்கும். அதைத் துரத்திப் போனால் இவை எதையும் பார்த்திருக்க முடியாது.

கீழே நிற்கிற இரண்டாவது நடுவரின் கணக்கு வேறு. செர்வீஸ் அடிக்கிற நொடியில் அவர் எடுக்கிற பக்கத்து ஆறு பேரும் ஒழுங்கான வரிசையில் நிற்கிறார்களா என்று பார்க்க வேண்டும். அதற்குப் பின் வலையும் நடுக்கோடும் அவருடையவை. எந்தப் பக்கம் பிளாக் எழும்புகிறதோ அந்தப் பக்கமாகத் தாவி நிற்க வேண்டும். ஒரே இடத்தில் கம்பத்தோடு கம்பமாக நிற்கிறவர் பாதி ஆட்டத்தைக் கம்பத்தின் பின்னாலிருந்து பார்க்கிறார்.

டபுள் டச்சைச் சத்தத்தை வைத்துச் சொல்லாதே. பந்து சுற்றிக்கொண்டு போனதை வைத்தும் சொல்லாதே. நல்ல செட்டர் கையிலிருந்தும் சில நேரம் பந்து சுற்றும், மோசமான டபுள் சத்தமில்லாமல் போகும். கையில் பந்து இரண்டு முறை பட்டதைப் பார்த்தாயா? பார்த்தால் ஊது. அப்புறம், முதல் செட்டில் எந்த அளவுக்கு விட்டாயோ, கடைசி செட்டிலும் அதே அளவுக்கு விடு. இடையில் அளவுகோலை மாற்றினால் நீ சொன்னது சரியாக இருந்தாலும் அவர்களுக்கு அநியாயமாகத்தான் தெரியும்.

கோட்டு நடுவரை நம் ஊரில் யாரும் மதிப்பதில்லை. கைக்குக் கிடைத்த பையனைப் பிடித்து மூலையில் நிறுத்துகிறார்கள், கையில் கொடி கூட இருக்காது. கோடு 5 சென்டிமீட்டர் அகலம். பந்து அதில் பட்டால் உள்ளே. கொடியைக் கீழே காட்டினால் உள்ளே, மேலே தூக்கினால் வெளியே. தூக்கிய கொடியின் மேல் இன்னொரு உள்ளங்கையை வைத்தால், அந்தப் பக்கத்து ஆள் கையில் பட்டுவிட்டு வெளியே போனது என்று அர்த்தம். இந்த மூன்றாவது சைகை ஒன்றை அந்தப் பையனுக்குக் கற்றுக் கொடுத்துவிட்டால் பாதி வாக்குவாதம் குறையும். நீயும் முதலில் கொடியோடு ஒரு வருடம் நில். அதற்கடுத்து ஸ்கோர் மேசை. ஸ்கோர் எழுதினால் வரிசையும் மாற்று ஆட்டக்காரர் கணக்கும் விரல் நுனிக்கு வந்துவிடும். மேலே ஏற அவசரப்படாதே.

விசில் ஊதிய பின் கைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. அடுத்த செர்வீஸ் யாருக்கு என்று முதலில் காட்டு. பிறகு என்ன தப்பு. தேவைப்பட்டால் யார் செய்தது. நடுவருக்கும் ஆடுகிறவர்களுக்கும் பாஷை ஒன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது. அதனால்தான் இந்தச் சைகைகள் உலகமெங்கும் ஒன்று. புளியந்தோப்பில் ஊதினாலும் போலந்தில் ஊதினாலும் கை ஒன்றுதான். கையைப் பாதியில் மடக்கிச் சட்டென்று இறக்கிவிட்டால், உனக்கே சந்தேகம் என்று எதிரில் இருப்பவன் எடுத்துக்கொள்வான்.

இன்னும் ஒன்று, இதை அடிக்கோடு போட்டுப் படி. நம் தெரு ஆட்டங்களில் தகராறு வந்தால் உடனே "ரீப்ளே" என்பார்கள். இரண்டு பக்கமும் சமாதானமாகும் என்று. விதியில் ரீப்ளே சமாதானத்துக்காக வைத்தது இல்லை. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் தப்பு செய்தால், ஆடும்போது வேறு பந்து உள்ளே உருண்டு வந்தால், யாருக்காவது பலத்த அடி பட்டால், இந்த மாதிரி காரணங்களுக்குத்தான். பார்த்த தப்பை மறைத்து ரீப்ளே கொடுத்தால், சரியாக ஆடியவனிடமிருந்து ஒரு புள்ளியைப் பிடுங்கி, கத்தினவனுக்குக் கொடுக்கிறோம். அடுத்த ஆட்டத்தில் எல்லாரும் கத்துவார்கள்.

அதே விதிப்புத்தகத்தில், நடுவரிடம் விளக்கம் கேட்கும் உரிமை கேப்டன் ஒருவருக்குத்தான். ஆறு பேரும் மாற்று ஆட்டக்காரர்களும் கூடவே பக்கத்து டீக்கடைக்காரரும் ஸ்டூலைச் சுற்றி நிற்பது எந்த விதியிலும் இல்லை. கேப்டன் மரியாதையாகக் கேட்டால் நடுவரும் மரியாதையாகப் பதில் சொல்ல வேண்டும், அது நம் கடமை. மற்றவர்களை அவர் மூலமாகவே அமைதிப்படுத்து. கேட்கவில்லை என்றால் மஞ்சள் அட்டை, அது எச்சரிக்கை. சிவப்பு அட்டை காட்டினால் எதிரணிக்கு ஒரு புள்ளியும் செர்வீஸும் போகும்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு நம் பேட்டை ஒரு காரணம். புளியந்தோப்பின் பெயர் வரலாற்றுப் புத்தகத்தில் ஏறியது 1921-இல். பி அண்ட் சி மில் வேலைநிறுத்தத்தின்போது வேலைக்குப் போனவர்கள் ஒரு பக்கம், போகாதவர்கள் ஒரு பக்கம் என்று பிரிந்து, அதில் சாதியும் கலந்து, குடிசைகள் எரிந்து, துப்பாக்கிச் சூட்டில் உயிர்களும் போயின. ஒரே மில்லில் ஒரே சங்குக்கு எழுந்தவர்கள். அந்த மில் 1996-இல் மூடிவிட்டது. தெருவுக்குத் தெரு டீம் கட்டி ஆடுகிற பழக்கம் மட்டும் போகவில்லை. எந்தத் தெரு எந்தத் தெருவோடு ஆடுகிறது, தோற்றால் அன்றிரவு என்ன ஆகும் என்று நம் அம்மாக்களுக்கு நன்றாகத் தெரியும். நான் வேலை பார்த்த காலத்திலேயே, மூன்றாவது செட்டில் ஒரு நெட் டச்சுக்காக ஆரம்பித்த சண்டையால் நின்றுபோன போட்டிகள் உண்டு. அடுத்த வருடம் நடத்த யாரும் முன்வர மாட்டார்கள். போட்டி நின்றால் முதலில் வீட்டுக்குள் போகிறவர்கள் பெண் பிள்ளைகள். பையன்கள் எங்கேயாவது சுவரில் பந்தை அடித்துக்கொண்டாவது இருப்பார்கள். பெண்ணுக்கு, "போட்டியே இல்லையே, எதுக்குப் போகணும்?" என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள்.

இரண்டு தெருவுக்கும் பொதுவான ஒருவர் மேலே நின்றால், அவருக்கு விதி தெரியும் என்று இரண்டு பக்கமும் நம்பினால், தோற்றவன் திட்டிக்கொண்டே வீட்டுக்குப் போவான். திட்டட்டும். அடுத்த வருடம் திரும்பி வருவான்.

பெரிய போட்டிகளில் இப்போது வீடியோ வந்துவிட்டது. அணி கேட்டால் திரையில் போட்டுப் பார்க்கிறார்கள். அப்புறம் அம்பயர் எதற்கு என்று கேட்கிறார்கள். வீடியோ ஒரு நொடியைத் திருப்பிக் காட்டும். அந்த நொடி வரை ஆட்டத்தைக் கட்டுக்குள் கொண்டுவருவது விசில்தான். மேலும் நம் கார்ப்பரேஷன் மைதானத்தில் அந்தக் கேமரா எப்போது வரும் என்று நீங்களே சொல்லுங்கள்.

தேர்வைப் பற்றி ஒரு வார்த்தை. எழுத்துத் தேர்வும் இருக்கும், மைதானத்தில் ஊதச் சொல்லியும் பார்ப்பார்கள். மாவட்டம், மாநிலம், தேசியம் என்று படிப்படியாகப் போகலாம். விதிப்புத்தகம் எஃப்.ஐ.வி.பி. இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. எந்த விதியை எந்தச் சந்தர்ப்பத்தில் எப்படிப் பொருத்துவது என்று கேள்வி பதிலாக ஒரு புத்தகமும் அங்கேயே இருக்கிறது. ஆங்கிலம் என்று பயப்படாதே, சின்னச் சின்ன வாக்கியங்கள்தான். தேதி பார்த்து எடு. சில வருடத்துக்கு ஒரு முறை விதி மாறுகிறது, பழைய புத்தகத்தைப் படித்துவிட்டுப் போய் நிற்காதே. பெண் நடுவர்கள் நம் பக்கத்தில் குறைவு. பெண்கள் ஆட்டத்துக்கு மட்டும்தான் கூப்பிடுவார்கள் என்று நினைக்க வேண்டாம், விதியில் அப்படி ஒரு வரியும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் வீட்டில்தான் இருப்பேன். சைகைகளின் படத்தை ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறேன், தமிழில் பெயர் எழுதி. வருகிறவர்கள் வாருங்கள், தம்பி மகன் உட்பட. விசில் மட்டும் அவரவர் வாங்கிக்கொண்டு வரவும். ஒருவர் வாயில் வைத்ததை இன்னொருவருக்குக் கொடுக்க மாட்டேன்.